பட்டியலில் பெயர் இருக்கிறது, பூத்தில் இல்லை: உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு எங்கே சிக்குகிறது?

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை காலை ஏழரை மணி. பத்து மாதம் முன்பு சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்பறை வாசலில், அதே வாக்காளர் அட்டையோடு போய் நின்றேன். முதல் மேசையில் இருந்தவர் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரு இங்க இல்லைங்க சார்" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அங்கேதான் ஓட்டு. எனக்கு இல்லை. ஒன்றரை மணி நேரம் அலைந்து, கடைசியில் இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சத்துணவுக் கூடத்தில் என் பெயரைக் கண்டுபிடித்தேன். பெயர் நீக்கப்படவும் இல்லை, யாரும் சதி செய்யவும் இல்லை. எங்கள் தெருவின் நடுவே வார்டு எல்லை ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஓட்டுப் பிரச்சினை என்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அப்படித் தட்டியவர்கள் கொண்டுவந்த கோளாறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதைப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம் புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி எல்லாவற்றுக்கும் நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், அது வேறு. சென்னைக் கோயம்பேட்டில் அலுவலகம். இதில் சிக்கல் என்னவென்றால் வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பது முதல் ஆணையம். இரண்டாவது ஆணையம் அந்தச் சட்டமன்றப் பட்டியலை வாங்கி, வார்டு எல்லைப்படி வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஒரே துணி, தைப்பவர் வேறு. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: துணியிலேயே ஓட்டையா, வெட்டும்போது தவறிவிட்டதா? துணியில் ஓட்டை என்றால் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பக்கம் படிவம் கொடுக்க வேண்டும். வெட்டியதில் தவறு என்றால் உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகம். இது தெரியாமல் ஜனங்கள் தாலுகா அலுவலகத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் பந்து போல உருள்கிறார்கள்.

"எனக்கு எந்தத் தேர்தல் என்றே தெரியவில்லை"

சிரிக்க வேண்டாம், உண்மையிலேயே வரும் கேள்வி. பார்க்க நகரம் போலவே இருக்கும், அடுக்குமாடி இருக்கும், மால் கூட இருக்கும், ஆனால் சட்டப்படி கிராம ஊராட்சியாக இருக்கும். சென்னைக்குத் தெற்கே மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் குடியிருந்தவர்கள் பலர் 2022 பிப்ரவரியில் "எங்க பூத் எங்கே?" என்று தேடினார்கள். அவர்களுக்குத் தேர்தல் 2021 அக்டோபரிலேயே, செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊரகத் தேர்தலோடு, நடந்து முடிந்துவிட்டது.

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரரிடம் ரசீதைக் கேட்டுப் பாருங்கள். பழைய ரசீதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2022-ல் 21 மாநகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. 2024-ல் காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சி ஆகிவிட்டன.

நகர்ப்புறம் என்றால் ஒரே ஓட்டு, மின்னணு இயந்திரத்தில், வார்டு கவுன்சிலருக்கு. ஊரகம் என்றால் நான்கு ஓட்டு, வாக்குச்சீட்டில்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நான்கு சீட்டு வாங்காமல் பெட்டிக்குப் போகாதீர்கள்.

பரங்கிமலை - பல்லாவரம், வெலிங்டன் இரண்டும் கன்டோன்மென்ட், அதாவது ராணுவம் சார்ந்த தனி வாரியத்தின் கீழ் இருக்கும் பகுதிகள். கன்டோன்மென்ட் எல்லைக்குள் குடியிருந்தால் மாநகராட்சி, நகராட்சித் தேர்தல் உங்களுக்குக் கிடையாது. அந்த வாரியத்துக்குத் தனிச் சட்டம், தனித் தேர்தல்.

"ஆன்லைனில் தேடினேன், என் பெயரே இல்லை"

எங்கே தேடினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்திலா, மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலா? முதலில் முன்னதில் தேடுங்கள். அதில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுவது நல்லது. பெயரைப் போட்டுத் தேடினால் எழுத்துக்கூட்டல் காலை வாரும். சண்முகம் என்று நீங்கள் அடிப்பீர்கள், பட்டியலில் ஷண்முகம் என்று இருக்கும். அட்டை எண் மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமுமாக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது டிஎன் என்று தொடங்கிச் சாய்கோடு சாய்கோடாக நீளும் பழைய எண் என்றால் தளம் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். பெயர் இல்லை என்று அர்த்தமில்லை. அப்போது விவரங்கள் வழியாக, தந்தை அல்லது கணவர் பெயர், வயது கொடுத்துத் தேடுங்கள். அதிலும் வராவிட்டால் உங்கள் தெரு இருக்கும் பாகத்தின் பிடிஎஃப் பட்டியலை இறக்கி வீட்டு எண் வாரியாகப் பாருங்கள். சென்னையில் இருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் தேடுங்கள். தாத்தா பெயர் புதிய எண்ணிலும் பேரன் பெயர் பழைய எண்ணிலும் இருந்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் பார்த்தாயிற்று, நிஜமாகவே இல்லை. சரி. அப்படியானால் துணியில்தான் ஓட்டை. 2025 நவம்பரில் தொடங்கிய எஸ்ஐஆர் எனும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு இது ரொம்பச் சாதாரணமாகிவிட்டது. அந்த டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்களும், இடம் மாறியவர்களும், இரண்டு இடத்தில் இருந்தவர்களும் அதில் உண்டு. அப்போது கொடுத்த கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பித் திருப்பித் தராமல் விட்டவர்களும் உண்டு. "போன எலெக்ஷன்ல போட்டேனே" என்பது இனிமேல் ஒரு ஆதாரமே இல்லை.

இதற்கு மருந்து படிவம் 6. புதிய வாக்காளருக்கும் அதே படிவம்தான், பெயர் போனவருக்கும் அதே படிவம்தான். தளத்திலேயே போடலாம், அல்லது உங்கள் பூத்துக்கான பிஎல்ஓவிடம், அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், தாளில் கொடுக்கலாம். பெரும்பாலும் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். பிஎல்ஓ யார் என்று தெரியாவிட்டால் 1950-க்குப் போன் செய்து கேளுங்கள். வீடு மாறியிருந்தாலோ, பெயரில் பிழை இருந்தாலோ, அட்டை தொலைந்திருந்தாலோ படிவம் 8. முன்பு இதற்கெல்லாம் தனித்தனிப் படிவம் இருந்தது, 2022 ஆகஸ்ட் முதல் எல்லாம் 8-க்குள் வந்துவிட்டது. தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் 8-தான். பழைய ஆட்கள் இன்னும் 6 போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள், பெயர் இரண்டு இடத்தில் பதிவாகி, பிறகு எது போகும் எது இருக்கும் என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

பதினெட்டு வயது ஆகப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 17 முடிந்ததுமே படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருஷத்துக்கு நான்கு தகுதித் தேதிகள் இருக்கின்றன. எந்தத் தேதிக்குள் 18 நிறைகிறதோ அதற்குப் பிறகு பெயர் ஏறும். ஆனால் மாநில ஆணையம் எந்தத் தேதிப் பட்டியலை வாங்கி வார்டு வாரியாகப் பிரித்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உள்ளாட்சித் தேர்தலில் அந்தப் பிள்ளைக்கு ஓட்டு.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 2022-ல் ஜனவரி 26 அன்று தேர்தல் அறிவிப்பு. 28-ல் வேட்புமனு தொடக்கம், பிப்ரவரி 4-ல் அது முடிந்தது, 19-ல் ஓட்டு. மொத்தம் 24 நாள். விண்ணப்பம் கொடுத்து, பிஎல்ஓ வீட்டுக்கு வந்து பார்த்து, ஆட்சேபனைக்கு நாள் விட்டு, பதிவு அலுவலர் ஏற்று, சட்டமன்றப் பட்டியலில் ஏறி, அங்கிருந்து வார்டுத் துணைப் பட்டியலுக்கு வர வேண்டும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் படிவம் போட்டவர்களில் பலருக்கு அட்டை வந்தபோது கவுன்சிலர் பதவியேற்று முடிந்திருந்தது. அந்த 2022 கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"சட்டமன்றப் பட்டியலில் இருக்கிறேன், வார்டுப் பட்டியலில் இல்லை"

இதுதான் என் சொந்த வியாதி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சட்டமன்றப் பட்டியல் பாகம் பாகமாக இருக்கும். ஒரு பாகத்தில் நான்கைந்து தெரு. வார்டு எல்லை அந்தப் பாகத்தின் எல்லையோடு ஒட்டிப் போகும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. எல்லை ஒரு தெருவின் நடுவே போனால் கிழக்குப் பக்க வீடுகள் ஒரு வார்டு, மேற்குப் பக்க வீடுகள் இன்னொரு வார்டு. பட்டியலைப் பிரிக்கிறவர் இருக்கையில் இருந்தபடி வீட்டு எண்ணை வைத்துப் பிரிக்கிறார். வீட்டு எண்களே ஒழுங்காக இல்லாத தெருவில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இருபது வீடுகள் மொத்தமாகப் பக்கத்து வார்டில் போய் விழும். அல்லது ஒரு வீட்டில் அப்பா 43-ல், மகன் 44-ல்.

கண்டுபிடிப்பது எப்படி என்றால், வார்டு வாரியான பட்டியல் வெளியானதும் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்திலும் அச்சிட்ட பட்டியலைப் பார்வைக்கு வைப்பார்கள். ரொம்பப் பேர் செய்யும் தவறு, தன் வார்டில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டுவது. சுற்றியுள்ள எல்லா வார்டுகளிலும் தேடுங்கள். எனக்கு நடந்தது போலப் பெரும்பாலும் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

பக்கத்து வார்டில் கிடைத்தால் இரண்டு சாத்தியம். ஒன்று, நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த வார்டு தவறு, பட்டியல் சரி. என் கதை அதுதான். வார்டு மறுவரையறை அறிவிப்பில் எல்லைத் தெருக்கள் பெயரோடு இருக்கும், அதைப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, நிஜமாகவே மாற்றி ஒட்டிவிட்டார்கள். அப்படியானால் சென்னை போன்ற பெரிய மாநகராட்சியில் மண்டல அலுவலகம், நகராட்சியில் ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர் இவர்களிடம் எழுத்துமூலம் கொடுங்கள். கூடவே அட்டை நகல், சொத்து வரி ரசீது நகல், சரியான வார்டில் இருக்கும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் பாக எண், வரிசை எண். இந்தக் கடைசி விஷயம்தான் வேலை செய்கிறது. "நான் இந்த வார்டு" என்று சொன்னால் அதிகாரி தலையாட்டி அனுப்பிவிடுவார். "இடது பக்க வீடும் வலது பக்க வீடும் இந்த வார்டில், நடுவில் என் வீடு மட்டும் எப்படி அந்த வார்டு?" என்று தாளில் காட்டினால் பேனாவை எடுப்பார்.

ஓட்டு நாளுக்கு முன்பு இது சரியாகவில்லையா? பெயர் எந்த வார்டில் இருக்கிறதோ அங்கேயே போய்ப் போடுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், உங்கள் குப்பையை எடுக்காத வார்டுக்கு நீங்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆனால் பூத்தில் நின்று சண்டை போட்டு ஒன்றும் ஆகாது, அங்கிருக்கும் அலுவலருக்குப் பட்டியலில் ஒரு கோடு போடக்கூட அதிகாரம் கிடையாது.

"வீட்டுக்காரருக்கு ஒரு பூத், எனக்கு ஒரு பூத்"

பதறாதீர்கள், இது பல சமயம் கோளாறே இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி வாக்குச்சாவடி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2022-ல் சென்னையில் இருந்த 5,794 வாக்குச்சாவடிகளில் 255 ஆண்களுக்கு மட்டும், 255 பெண்களுக்கு மட்டும், மீதி 5,284 எல்லோருக்கும். சட்டமன்றத் தேர்தலில் ஒரே அறையில் ஓட்டுப் போட்ட தம்பதி உள்ளாட்சியில் எதிரெதிர் அறையில் நிற்பது அதனால்தான். கட்டடம் ஒன்றாகவே இருக்கும். வேறு கட்டடம், வேறு வார்டு என்றால் மட்டும் மேலே சொன்ன பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

"பூத் ஸ்லிப் வரவில்லை"

வராவிட்டால் போகட்டும். ஸ்லிப் என்பது உங்கள் பாக எண், வரிசை எண், பூத் முகவரி மூன்றையும் சொல்லும் துண்டுச் சீட்டு, அவ்வளவே. ஸ்லிப் இல்லாமலும் ஓட்டுப் போடலாம், ஸ்லிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது, அது அடையாள ஆவணம் கிடையாது. மாநில ஆணையத்தின் தளத்தில் அந்த மூன்றையும் முந்தின நாளே பார்த்துக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பூத்துக்குச் சற்றுத் தள்ளி மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்களிடம் கேளுங்கள், எந்தக் கட்சி மேசையாக இருந்தாலும் பார்த்துச் சொல்வார்கள். என்ன, அவர்கள் தரும் சீட்டில் சின்னம் போட்டிருந்தால் அதை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமன்றத் தேர்தலில் வந்த பழைய ஸ்லிப்பை பத்திரமாக வைத்திருந்து எடுத்து வருபவர்கள் உண்டு. அதில் இருக்கும் பாக எண்ணும் வரிசை எண்ணும் இங்கே எதற்கும் உதவாது.

"அட்டை இல்லை, அட்டையில் இருப்பது நானே இல்லை மாதிரி இருக்கிறது"

அட்டை கையில் இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படத்தோடு கூடிய ஓய்வூதிய ஆவணம், அரசு ஊழியர் அடையாள அட்டை இப்படி ஒரு பட்டியல் உண்டு, அதில் ஏதாவது ஒன்று போதும். ரேஷன் அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர் ரேஷன் ஸ்மார்ட் கார்டைக் கொண்டுவந்து, வெயிலில் திரும்பி வீட்டுக்கு நடப்பதைப் பார்க்கிறேன். போனில் எடுத்த படமும் செல்லாது. போனையே உள்ளே விடமாட்டார்கள்.

பெயரில் ஒரு எழுத்து பிழை, இனிஷியல் மாறியிருக்கிறது, இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், ஆளை அடையாளம் காண முடிந்தால் விடுவார்கள். படம் அடையாளமே தெரியாத அளவுக்கு இருந்தால் இரண்டாவதாக ஒரு ஆவணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் உங்கள் பெயர் மேல் நீக்கம் என்று முத்திரை விழுந்திருந்தால் கதை வேறு. அட்டை அசலாக இருந்தாலும் ஓட்டுக் கிடையாது. அட்டை நீங்கள் யார் என்பதைத்தான் சொல்கிறது, ஓட்டு உரிமை இருப்பது பட்டியலில். அன்றைக்கு அங்கே செய்யக்கூடியது ஒன்றுமில்லை, திரும்பி வந்து படிவம் 6 போடுங்கள்.

"என் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள்"

முதல் அலுவலர் பெயரை உரக்கப் படிக்கிறார், ஏஜென்ட்கள் தலையைக் குனிந்து தாளைப் பார்க்கிறார்கள், அப்புறம் ஒருவர் "இது ஏற்கெனவே ஆயிடுச்சே" என்கிறார். இந்த இடத்தில் கோபம் வரும், வர வேண்டியதுதான், ஆனால் வெளியே போய்விடாதீர்கள். வெளியே போனால் விஷயம் முடிந்தது.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலரைக் கூப்பிடச் சொல்லுங்கள். விரலில் மை இல்லை என்பதைக் காட்டுங்கள், ஆவணத்தைக் கொடுங்கள், "எனக்கு ஆய்வுக்குரிய வாக்கு வேண்டும்" என்று கேளுங்கள். டெண்டர் ஓட்டு என்றாலும் புரியும். 49பி (49P) என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த எண் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் விதியின் எண். உள்ளாட்சி விதிகளிலும் இதே ஏற்பாடு உண்டு, எண்தான் வேறு. அவர் சில கேள்விகள் கேட்பார், திருப்தியானால் தனிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காகித வாக்குச்சீட்டு தருவார். இயந்திரத்தில் போட விடமாட்டார். முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தால் தனி உறையில் போகும்.

அந்த ஓட்டை எண்ணுவார்களா என்றால், சாதாரணமாக மாட்டார்கள். யாராவது தேர்தல் வழக்குப் போட்டு, வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து, நீதிமன்றம் கேட்டால்தான் உறை பிரியும். அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு: வார்டுத் தேர்தலில் வித்தியாசம் ஒற்றை இலக்கத்தில் முடிவது ஒன்றும் அதிசயம் இல்லை. அதோடு, உங்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அரசாங்கக் காகிதத்தில் ஒரு பதிவு இருக்கும். 2022-லேயே முறைகேடு புகார்களுக்குப் பிறகு ஏழு வாக்குச்சாவடிகளில் பிப்ரவரி 21 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. புகார் பதிவாகாமல் மறுவாக்குப்பதிவு என்ற பேச்சே எழாது.

"பட்டனை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை"

மூன்றாவது அலுவலர் தன் மேசையில் இருக்கும் கருவியில் உங்களுக்கான பட்டனை அழுத்தினால்தான் மறைவுக்குள் இருக்கும் இயந்திரம் விழிக்கும், பச்சை விளக்கு எரியும். பச்சை எரியாமல் நீங்கள் எத்தனை தடவை அழுத்தினாலும் பிரயோஜனமில்லை. அழுத்தியதும் வேட்பாளர் பெயருக்கு எதிரே சிவப்பு விளக்கும், நீளமாக ஒரு பீப் சத்தமும் வர வேண்டும். வராவிட்டால் வெளியே வந்துவிடாமல் அங்கேயே நின்று குரல் கொடுங்கள். மறைவை விட்டு வந்த பிறகு "சத்தம் வரலைங்க" என்றால் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

"சீட்டு தெரியும் கண்ணாடிப் பெட்டியைக் காணோமே" என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். 2022 நகர்ப்புறத் தேர்தலில் விவிபேட் இணைக்கப்படவில்லை. நோட்டாவும் இல்லை. சட்டமன்றத் தேர்தலில் பழகிய கண்ணுக்குக் கடைசி வரிசையில் நோட்டாவைக் காணாமல் குழப்பம் வரும், இயந்திரம் பழுதில்லை. எனக்கு இந்த இரண்டிலும் உடன்பாடு கிடையாது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் "யாரும் வேண்டாம்" என்று சொல்ல அதிகக் காரணம் இருக்கிறது.

"மேயருக்கு எங்கே அழுத்துவது?" என்று இன்னும் கேட்கிறார்கள். 2011-ல் மேயருக்கு ஒரு ஓட்டு, கவுன்சிலருக்கு ஒரு ஓட்டு என்று போட்டவர்களின் ஞாபகம் அது. 2022-ல் மக்கள் கவுன்சிலரை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள், அந்தக் கவுன்சிலர்கள் மார்ச் 4 அன்று கூடி மேயரையும் நகராட்சித் தலைவர்களையும் தேர்ந்தெடுத்தார்கள்.

"எங்கள் வார்டு பெண்கள் வார்டாமே"

எதிர்வீட்டுத் தாத்தா ஒருவர் இதற்காக ஓட்டே போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். "பொம்பளைங்க வார்டுன்னு எழுதியிருக்கே தம்பி, நான் எப்படிப் போறது?" தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கீடு. அது வேட்பாளருக்கு. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய வார்டும் அப்படியே. ஓட்டு வார்டில் பெயர் உள்ள எல்லோருக்கும்.

இதைச் சொன்ன பிறகுதான் தாத்தா கிளம்பினார். அவருக்குப் பார்வை மங்கல், அதனால் பேரன் கூடப் போனான். பார்வை இல்லாதவரோ நடமாட முடியாதவரோ 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு மறைவு வரை அழைத்துச் செல்லலாம், தலைமை அலுவலரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

"போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது"

முடியும் நேரத்தில் வாசலுக்குள் வரிசையில் நின்றால் போதும். வரிசையின் கடைசி ஆளில் தொடங்கி முன்னோக்கி டோக்கன் கொடுத்து வருவார்கள், புதிதாக யாரும் பின்னால் சேரக்கூடாது என்பதற்காக. டோக்கன் கையில் வந்துவிட்டால் எத்தனை மணி ஆனாலும் ஓட்டு உண்டு. வாசலுக்கு வெளியே நின்றால் ஒரு நிமிஷம் தாமதமானாலும் கிடையாது. 2022-ல் காலை 7 முதல் மாலை 6 வரை வாக்குப்பதிவு, அதிலும் கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. "ஆறு மணி வரை இருக்கே" என்று ஐந்தரைக்குக் கிளம்பியவர்கள் அதில் மாட்டினார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் நேரத்தை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வேலை இங்கே, ஓட்டு சொந்த ஊரில்"

2022-ல் மாநில அளவில் 60.70 சதவீதம் பதிவானபோது சென்னையில் 43.59 சதவீதம்தான். மறுநாளே சென்னைக்காரர்களைச் சோம்பேறிகள் என்று திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஊரை விட்டுப் போனவர்களின் பெயர் பட்டியலில் கிடப்பதும், இங்கே பத்து வருஷமாகக் குடியிருப்பவர்கள் ஓட்டைத் தஞ்சாவூரிலும் தென்காசியிலும் வைத்திருப்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

சட்டமன்றத் தேர்தலுக்குப் பஸ் ஏறி ஊருக்குப் போவதில் ஒரு நியாயம் உண்டு, அது உங்கள் உணர்வு சார்ந்தது. உள்ளாட்சித் தேர்தலில் அந்த நியாயம் எடுபடாது என்பது என் கருத்து. மழை பெய்தால் உங்கள் வாசலில் தேங்கும் தண்ணீருக்கு எந்தக் கவுன்சிலரைக் கூப்பிடுவீர்களோ, ஓட்டு அங்கே இருக்கட்டும். வாடகை வீடாக இருந்தாலும் பதியலாம். படிவம் 8, இடமாற்றம். இரண்டு ஊரிலும் வைத்துக்கொள்வது மட்டும் கூடாது, பொய் உறுதிமொழி கொடுத்தால் தண்டனைக்குரிய குற்றம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள், இந்தியக் குடியுரிமை இருந்தால், வெளிநாடு வாழ் வாக்காளராகப் படிவம் 6ஏ போட்டுப் பட்டியலில் இருக்கலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். தபாலில் அனுப்ப வழியில்லை.

"எல்லாம் சரி, எங்கள் வார்டில் பூத்தே இல்லையே"

போட்டியில்லாமல் ஒருவரே நின்று ஜெயித்துவிட்டால் வாக்குப்பதிவு கிடையாது. 2022-ல் இருநூறுக்கும் மேற்பட்ட வார்டுகளில் அப்படி ஆனது, பெரும்பாலும் பேரூராட்சிகளில். தூத்துக்குடி மாவட்டம் கடம்பூர் பேரூராட்சியில் வேட்புமனுத் தகராறில் மொத்தத் தேர்தலுமே நின்றுபோனது. அதனால்தான் 490 பேரூராட்சிகளில் 489-க்குத்தான் அன்று ஓட்டு. மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மாலை உள்ளாட்சி அலுவலகப் பலகையில் இறுதி வேட்பாளர் பட்டியலை ஒட்டுவார்கள். உங்கள் வார்டுக்கு எதிரே ஒரே ஒரு பெயர் இருந்தால் ஸ்லிப்புக்கும் காத்திருக்க வேண்டாம், பூத்தையும் தேட வேண்டாம்.